மீதி பூஜ்யம் என்றால்

நீதான் பண்ணினாய். வேறு யாரும் இல்லை, நீதான். உன் பேர் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்றுகூட வெள்ளமலையில் ஒருத்தருக்கும் நினைப்பில்லை. ஆனாலும் உரக்கடை மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் சென்டருக்கு மூன்று நாள் இலவச வகுப்பென்று வந்து, ஏழாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்து, முதல் நாள் கூட்டலும் இரண்டாம் நாள் பெருக்கலும் மூன்றாம் நாள் வகுத்தலும் படித்து, எல்லாம் தெரிந்துவிட்ட மிதப்பில் ஒரு புரோகிராமை எழுதி, அதை ஓடவிட்டு, படியிறங்கி பஸ் ஏறிப் போனாயே, அந்த நீதான். ஓடவிட்டது என்ன ஆகிறது என்று பார்க்கக்கூட நீ நிற்கவில்லை.

என்ன பெரிய புரோகிராம். ஆளின் வயசை எடு, கதவு எண்ணைக் கூட்டு, நாலால் வகு, மீதி என்ன வருகிறதோ அதற்கேற்ற ஸ்கின்னை மாட்டு. ஸ்கின் என்றால், போனில் விளையாடுகிற சண்டை விளையாட்டில் ஆளுக்கு மேல் ஏற்றிக்கொள்கிற வேஷம். அதை மாட்டினால் ஒரு குத்து கூடுதலாக விழப்போவதில்லை, ஒரு அடி குறைவாகப் படப்போவதில்லை, பார்ப்பதற்குத்தான். மீதி ஒன்று என்றால் ஓநாய்த்தலை வில்லாளி. மீதி இரண்டு என்றால் ஊதா வெளிச்சம் அடிக்கிற இரும்புக் கவசம். மீதி மூன்று என்றால் தங்கச் சிறகு. அதோடு முடித்துவிட்டாய். நாலால் வகுத்தால் மீதி பூஜ்யமும் வரும் என்பது உன் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு அது ஓடியது, வெள்ளமலையின் பதினோரு தெருக்களிலும் ஓடியது. தோசைக்கல்லின் முன்னால் நின்றவர் நின்றபடி ஓநாயாகவும், கவுன்சிலர் வீட்டு வாசலில் மனுவோடு காத்திருந்தவர்கள் காத்திருந்தபடி கவசமாகவும், தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் மிதித்தபடி தங்கச் சிறகாகவும் ஆனார்கள். வயசையும் கதவு எண்ணையும் அந்த மெஷின் எங்கிருந்து எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவோ பேர் எவ்வளவோ இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், எடுத்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த நேரத்தில் மாட்டுத் தரகர் ஒச்சம்மாள் தன் வீட்டில், கதவு எண் எண்பத்துநாலில், பக்கவாதத்தில் படுத்திருக்கும் புருஷன் சின்னமாயனுக்கு ரசம் சோறு உருட்டி வாய்க்கு நேரே பிடித்திருந்தாள். அவருக்கு அறுபத்தொன்று, எண்பத்துநாலைக் கூட்டி நாலால் வகுத்தால் மீதி ஒன்று. கட்டிலில் கிடந்தவருக்குக் காதும் மோவாயும் நீண்டு ஓநாய்த்தலை வந்து, தோளில் ஒரு வில்லும் வந்து தொங்கியது. அவளுக்கு ஐம்பத்திரண்டு. நூற்று முப்பத்தாறை நாலால் வகுத்தால் மிச்சமில்லாமல் முப்பத்துநாலு. நீ எழுதாமல் விட்ட இடத்தில் போய் விழுந்தாள். புருவம் போயிற்று, மூக்குத்தியோடு மூக்கு போயிற்று, வெற்றிலைக் கறை படிந்த உதடு போயிற்று, பிசைந்து வைத்த களிமண் மாதிரி சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு உருண்டை கழுத்துக்கு மேல் இருந்தது. சின்னமாயன் அதைப் பார்த்தார். சோற்றுருண்டையைப் பார்த்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

மூன்று வருஷமாக அவருக்கு வலது பக்கம் இல்லை, பேச்சு இல்லை. அவள் முகத்தைப் பார்த்து, அவள் திட்டுவதைக் கேட்டு, அந்தத் திட்டுக்குத்தான் வாயைத் திறப்பார். வேறு யார் ஊட்டினாலும் ஒரு பருக்கை இறங்காது. இப்போது முகமும் இல்லை, திட்டும் இல்லை. ஏனென்றால் மீதி பூஜ்யம் ஆன அத்தனை பேருக்கும் உருவம் ஒன்று, உயரம் ஒன்று, குரலும் ஒன்று. ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதமாக வருவதை அறிவிக்கிற குரல். வாய் இல்லாமலே அந்தக் குரல் வந்தது, சோறும் இறங்கியது. சந்தையே நடுங்குகிற கெட்ட வார்த்தைகளையெல்லாம் ஒச்சம்மாள் அன்றைக்குப் புருஷன் காதில் வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றாவது உறைக்க வேண்டுமே, அறிவிப்பு மாதிரித்தான் கேட்டது. ஓநாய் வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலமும் திறக்கவில்லை, மறுநாளும் திறக்கவில்லை. திங்கட்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் தன் தங்கச் சிறகை வாசலில் இடித்துக்கொண்டு உள்ளே வந்து, குளுக்கோஸ் பாட்டிலை ஆணியில் மாட்டி, "தினம் ஒண்ணு மாட்டுறேன், நாலைஞ்சு நாளைக்குத்தான் தாங்கும்த்தா, அதுக்குள்ள சாப்பிட வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஊர் அதற்குள் பழகிவிட்டது. வெள்ளமலைக்காரர்களுக்கு எதற்கும் பழக்கப்பட இரண்டு நாள் போதும். ஓநாய்கள் வேட்டையாடவில்லை, கவசத்தைத் தாண்டிக் கொசு கடித்தது, சிறகுகள் ஒரு சாண்கூட எழும்பவில்லை. ஆனாலும் சிறகு வந்தவர்கள் பஸ்ஸில் இரண்டு சீட்டுக்கு உட்கார்ந்தார்கள், கண்டக்டர் கேட்கவில்லை. கோயிலில் பரிவட்டம் இனி தங்கச் சிறகுக்குத்தான் என்று கமிட்டி தீர்மானம் போட்டது. அந்தக் கமிட்டியில் ஐந்து பேருக்குச் சிறகு வந்திருந்தது. பெண் கேட்டு வந்தவர்கள் ஜாதகத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் மீதி என்ன என்று கேட்டார்கள். நேற்றுவரை ரேஷன் கடை வரிசையில் ஒருத்தரை ஒருத்தர் முழங்கையால் தள்ளிக்கொண்டிருந்தவர்கள், இன்று நான் ஒன்று நீ இரண்டு என்று தனித்தனி வரிசை கட்டி நின்றார்கள். கடைசி வரிசை மீதி பூஜ்யமான சீரோக்களுக்கு. அவர்கள் கைரேகையை மெஷின் எடுக்கவில்லை, அதனால் அந்த வரிசை நகரவும் இல்லை.

சீரோக்களுக்குள்ளேயே அடையாளம் தெரியாமல், ஒரு சீரோ ஞாயிற்றுக்கிழமை தவறான வீட்டுக்குள் போய், உட்கார்ந்து, கறிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, கை கழுவும்போதுதான் வீடு மாறியது தெரிந்து எழுந்து போனான். உடனே ஊரைக் கூட்டிப் பேசி, சீரோக்கள் கழுத்தில் பேர் எழுதின அட்டை தொங்கவிட வேண்டும் என்றார்கள். டீக்கடையில் மூன்றாம் நாளே சீரோவுக்குத் தனி கிளாஸ் வந்துவிட்டது. அந்த யோசனையை மட்டும் ஊருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அட்டை போட மாட்டேன் என்றவள் ஒச்சம்மாள் ஒருத்திதான், அதை வைத்துக் கண்டுபிடித்து, "மதினி," என்று கூப்பிட்டான் தவசி. அவன் இன்னொரு மாட்டுத் தரகன், அவளைவிடப் பத்து வயசு சின்னவன், கவசம் வந்தவன். டீக்கடை பெஞ்சில் கவசம் கிணுகிணுக்க உட்கார்ந்திருந்தான். "மதினி, ஒரு சந்தேகம். உங்களுக்கு எந்தப் பக்கம் மூஞ்சி, எந்தப் பக்கம் முதுகு? கும்பிடு போடணும், தப்பான பக்கம் போட்டுறக் கூடாதுல்ல."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஒச்சம்மாள் பதில் சொல்ல வாயெடுத்து, தன் குரல் ஞாபகம் வந்து, நடந்தாள். நடந்த நடை நேரே உரக்கடை மாடிக்குத்தான்.

சென்டரில் ஏழாம் நம்பர் மெஷினுக்கு மாலை போட்டிருந்தது. கரண்ட் போனால் ஸ்கின்னும் போய்விடும் என்று பயந்து தெருவுக்குத் தெரு வசூல் பண்ணிப் புது பேட்டரி வாங்கி வைத்திருந்தார்கள். சென்டர் நடத்துகிற இன்பராஜ் சார் கவசத்தோடு சுழல் நாற்காலியில் திரும்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார். கவசக்காரர்களுக்கு விரல் தனித்தனி இல்லை, கட்டைவிரல் ஒரு பக்கம், மீதி நாலும் ஒட்டி ஒரே இரும்பாக. அதனால் அவர் அந்தப் பிளவில் ஒரு பென்சிலைச் சொருகி, பென்சில் நுனியால் கீபோர்டைக் குத்திக்கொண்டிருந்தார்.

"யாரது, அட்டையக் காட்டுங்க."

"அட்டையும் கிடையாது கிட்டையும் கிடையாது. மாட்டுத்தரகு ஒச்சம்மா. இதுல என்ன எழுதியிருக்கு, படிங்க சார்."

படித்தார். ஐந்தே வரி. வயசு, கதவு எண், கூட்டல், வகுத்தல், மீதி. ஒச்சம்மாள் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை, ஆனால் நாற்பது உருப்படியை மூன்று வியாபாரிக்கு மந்தையில் நின்றே பிரித்துக் கொடுத்தவள். இரண்டாவது தடவை படிக்கச் சொல்லவில்லை.

"நாலு பேருக்குப் பதினாறு மாட்டைப் பிரிச்சா மீதி என்ன சார்?"

"மீதி இல்ல."

"மீதி இல்லன்னா என்ன அர்த்தம்? கணக்கு சுத்தமா வந்துச்சுன்னு அர்த்தம். சண்டையில்லாமப் பிரிச்சாச்சு, துண்டை உதறித் தோள்ல போட்டுட்டுப் போகலாம்னு அர்த்தம். மிச்சம் விழுந்தவனுக்கெல்லாம் றெக்கை. சுத்தமா வந்தவளுக்கு மூஞ்சியப் புடுங்கிட்டான். இது என்ன கணக்கு?"

"சின்னத் தப்புதான்மா. பூஜ்யத்துக்கு ஒரு வரி விட்டுப் போச்சு. முதன்முதல்ல எழுதுறவங்க எல்லாரும் பண்றதுதான்."

"அப்ப எழுதுங்க அந்த ஒரு வரிய."

இன்பராஜ் சார் பென்சிலைக் கீழே வைத்தார். "திறக்கணும்னா பாஸ்வேர்டு வேணும். வச்சது யாருன்னு தெரியாது. இலவச வகுப்புக்கு நோட்டுல பேர் எழுதுறதில்ல. தொப்பி போட்டிருந்துச்சு, அது மட்டும் ஞாபகம் இருக்கு."

"பாஸ்வேர்டு இருந்தா எழுதிருவீங்களா?"

கவசத்தின் ஊதா வெளிச்சம் சுவரில் பரவி அவருக்கே அழகாகப் பட்டிருக்க வேண்டும், ஒரு தடவை கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எங்க தொழில்ல ஒண்ணு சொல்லுவோம்மா. ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராம்ல கைய வைக்கக் கூடாது. முக்காவாசிப் பேருக்கு நல்லாத்தான ஓடுது."

"எம் புருஷன் மூணு நாளா சாப்பிடல சார்."

"அட்டை போட்டுட்டுப் போய்க் காமிச்சுப் பாருங்களேன்," என்றார் இன்பராஜ் சார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஒச்சம்மாள் இறங்கி வந்து, தன் வீட்டுக் கதவில் எண்பத்துநாலு என்கிற எண்ணைச் சுண்ணாம்பால் அழித்துக் கரியால் எண்பத்தைந்து என்று எழுதிப் பார்த்தாள். நீ அனுப்பினது ஒரு தடவை ஓடினதோடு சரி. கதவு எண்பத்தைந்தாக இருந்தது, அவள் சீரோவாகவே இருந்தாள்.

வியாழக்கிழமை சந்தை. சுற்றுப்பட்டியிலிருந்து வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். உன் புரோகிராம் வெள்ளமலையைத் தாண்டவில்லை, அவர்களுக்கு அவரவர் முகம் இருந்தது. மாடுகளுக்கும் மாட்டு முகம்தான். ஸ்கின்னைப் பார்த்துக் கும்பிடுகிற புத்தி மாட்டுக்குக் கிடையாது. ஓநாய்த்தலைகள் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கிட்டே போனதும் காளைகள் மூக்கணாங்கயிற்றை அறுத்துக்கொண்டு தேங்காய்க் கடைக்குள் புகுந்தன. தங்கச் சிறகுகள் பளபளத்ததில் ஒரு மயிலைப்பசு கண் கூசி உட்கார்ந்தது, எழவில்லை. கவசக்காரர்களுக்கு வேறு சங்கடம்.

வெள்ளமலைச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. தரகரும் மாட்டுக்காரரும் கையைக் கோர்த்து, மேலே துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம். விரலைப் பிடித்தால் ஒரு தொகை, கணுவை அழுத்தினால் ஒரு தொகை, சுண்டுவிரலை மடக்கினால் படியவில்லை. சுற்றி நூறு பேர் நின்றாலும் இரண்டு கைக்கு மட்டும்தான் தெரியும். தவசி அந்தத் துண்டுக்குள் தன் இரும்புக் கையை நுழைத்தான். எதிரில் நின்ற சம்சாரி வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார்.

"என்னப்பா, கையக் குடுன்னா உலக்கையக் குடுக்குற?"

மூன்று பேரம் அப்படிப் போயிற்று. நாலாவதும் போனபோது, தவசி கூட்டத்துக்கு வெளியே சீரோக்கள் நின்ற வேலியோரம் வந்தான். அட்டைகளைப் படித்துக்கொண்டே வந்து, அட்டை போடாத ஒரே ஆள் முன்னால் நின்றான்.

"மதினி, ஒரு கை குடுங்க. ஜோடிக் காளை, விட்டா அடுத்த சந்தைக்குப் போயிருவாக."

"எந்தப் பக்கம் மூஞ்சின்னு தெரியாமயா வந்து கேக்குற?" என்றது ரயில்வே குரல்.

"விளையாட்டுக்குச் சொன்னது மதினி."

"நானும் விளையாட்டுக்கே கேக்குறேன். சீரோ கிளாஸ்ல ஒரு டீ வாங்கி, பெஞ்சுல உக்காந்து, எல்லாரும் பாக்கக் குடி. அப்பறம் கை தாரேன்."

தவசி சுற்றுமுற்றும் பார்த்தான். பாதி விலைக்கு இறங்குகிறவன் மாதிரி, "நின்னுக்கிட்டுக் குடிக்கவா?" என்று கேட்டான்.

"உக்காந்து."

குடித்தான். பெஞ்சில் இருந்தவர்கள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான் அவர்களின் சிநேகிதம். கிளாஸ் காலியானதும் ஒச்சம்மாள் வந்து, சம்சாரியின் கையைப் பிடித்து, துண்டை மூடினாள். சாம்பல் நிறக் கைதான், ரேகை இல்லை, நகம் இல்லை. ஆனால் ஐந்து விரலும் தனித்தனியாக இருந்தன. சம்சாரி மூன்றாம் விரலைப் பிடித்தார். அவள் கணுவுக்கு இறங்கினாள். அவர் மறுபடி விரலுக்கு ஏறினார். அவள் அவர் சுண்டுவிரலை மடக்கி, மடக்கின விரலை ஒரு சுண்டு சுண்டினாள்.

சம்சாரி தலையை நிமிர்த்தி அந்தச் சாம்பல் உருண்டையைப் பார்த்தார்.

"ஒச்சம்மாக்காவா?"

துண்டுக்குள் இன்னொரு சுண்டு விழுந்தது.

"எல்லாரும் மடக்குவாக. மடக்கிட்டுச் சுண்டுறது வேற யாரு? பத்து வருசமா இந்த விரல்ல சுண்டு வாங்குறேன். நீங்கதானா, சரி, நீங்க சொன்ன விலைக்கே முடிங்க, தப்ப முடியாது."

காளை கை மாறியது. அதை முடித்த துண்டை ஒச்சம்மாள் தவசியிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. பட்டப்பகலில், ஊரே பார்க்க, சந்தைத் திடலிலிருந்து எண்பத்துநாலாம் எண் வீட்டுக்கு, அதாவது கரியால் எழுதின எண்பத்தைந்துக்கு, ஓடினாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே சந்தையில் இரண்டு பேரின் கையை யாரும் துண்டுக்குள் பிடிக்க மாட்டார்கள். ஒன்று ஒச்சம்மாள், பொம்பளை என்பதால். இன்னொன்று சின்னமாயன், இடதுகைக்காரர் என்பதால். பீச்சாங்கையைத் துண்டுக்குள் நீட்டுகிறவனிடம் என்ன பேரம் என்று எழுந்து போய்விடுவார்கள். ஒரு வியாழக்கிழமை, வாங்குகிற பக்கம் அவளும் விற்கிற பக்கம் அவருமாக, ஒரு செவலைக் கிடாரிக்கு வேறு தரகர் கிடைக்காமல் நேருக்கு நேர் நின்றார்கள். அவர் கூசிக்கொண்டே இடது கையை நீட்டினார். அவள் தன் இடது கையை நீட்டினாள். அரைமணி நேரம் பேசினார்கள், வாயால் ஒரு வார்த்தை இல்லை. அவள் இருபத்தாறு தடவை மடக்கிச் சுண்டினாள். கிடாரி படிந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

அந்த இடது கைதான் மிச்சம் இருந்தது. ஓநாய்த்தலை தலையணையில் சரிந்து, குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்க, கண்ணை மூடிக் கிடந்தார். ஒச்சம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்து, ரோமம் மண்டின அந்தக் கையைத் தன் இடது கையில் எடுத்து, துண்டைப் போட்டு மூடினாள். கிடாரிக்கு அவள் முதலில் கேட்ட விலையை விரலில் சொன்னாள். ஒன்றும் இல்லை. மறுபடி சொன்னாள். துண்டுக்குள் ஒரு விரல் அசைந்தது. அன்றைக்கு அவர் சொன்ன விலை, ஒரு கணுகூடக் குறையாமல் அப்படியே வந்தது. அவள் மடக்கிச் சுண்டினாள்.

ஓநாய்க் கண் திறந்தது. எதிரே சாம்பல் உருண்டை. கண் அதை விட்டுத் துண்டுக்கு இறங்கியது, துண்டிலேயே நின்றது. விலை இறங்கியது, ஏறியது, மடங்கியது, சுண்டியது. இருபத்தாறாவது சுண்டுக்கு அந்த நீண்ட வாய் திறந்தது, ஒரு உருண்டை ரசம் சோறு உள்ளே போயிற்று.

அடுத்த உருண்டைக்கு மறுபடி முதலிலிருந்து பேரம். ஒரு கிண்ணம் சோறு இறங்க மூன்று மணி நேரம் ஆயிற்று.

முடிந்ததும் அவர் துண்டைத் தானே விலக்கினார். இடது கையை மெதுவாகத் தூக்கி, அவள் முகம் இருந்த இடத்தைத் தொட்டு, மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தை ஒரு விரலால் தேடினார். வழவழவென்று இருந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் தேடிவிட்டு, கையை இறக்கி, அவள் சுண்டுவிரலைப் பிடித்து மடக்கினார். மடக்கி ஒரு சுண்டு சுண்டினார்.

படியவில்லை.

கேட்டாயா? வேளைக்கு மூன்று மணி நேரம் பேரம் பேசி அவள் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள், அதை வைத்துக் கணக்கு தீர்ந்தது என்று நினைக்காதே. உரக்கடை மாடியில் மாலை வாடி வாடிப் புது மாலை ஏற, ஏழாம் நம்பர் மெஷின் இன்னும் அணையாமல்தான் இருக்கிறது. பாஸ்வேர்டு உன்னிடம் இருக்கிறது. வரி ஒன்றுதான். மீதி பூஜ்யம் என்றால் என்ன எழுதுவதென்று இப்போதும் உனக்குத் தெரியாவிட்டால் அவளிடம் கேள், சொல்வாள்: மீதி பூஜ்யம் என்றால் அவரவர் முகம் அவரவருக்கு. முக்கால்வாசி ஊர் உன்னைப் படியில் மறிக்கும், சிறகை விரிக்கும், வில்லை நீட்டும். பயப்படாதே, அதெல்லாம் பார்க்கத்தான். மேலே ஏறு, உட்கார், எழுது. எழுதி ஓடவிட்டு, இந்தத் தடவை அது ஓடி முடிகிற வரைக்கும் நின்று, எண்பத்துநாலாம் எண் வீட்டில் அந்த மூக்குத்தி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ.